கால் உடைந்தது ஒருவருக்கு, கோப்பை போனது ஓர் அணிக்கு

கொஞ்சம் நீளமான இழை. விளையாட்டுக் கதைதான், ஆனா ஒரு மருத்துவரா எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு உறுத்தல். பொறுமையா படிங்க.

2023 நவம்பர் 18. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் டல்லஹாசி நகரம். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அன்று பந்தோடு ஓடிய ஜோர்டன் டிராவிஸ் என்ற வீரரை எதிரணிக்காரர் பிடித்து வீழ்த்துகிறார். கால் மடங்கிய விதத்தைப் பார்த்தாலே எலும்பு மருத்துவர்களுக்கு வயிறு பிசையும். வண்டியில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு ஆட்டம் அவருக்கு அதோடு முடிந்தது.

அணிக்கு முடியவில்லை. அவர் இல்லாமலும் மிச்சம் இருந்த ஆட்டங்களை ஜெயித்தார்கள். 13 ஆட்டம், 13 வெற்றி, தங்கள் பிரிவின் சாம்பியன். இருந்தும் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நான்கு அணிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு ஆட்டம் தோற்றிருந்த அலபாமாவுக்குக் கிடைத்தது.

காரணம்? டிராவிஸின் கால்.

இது எப்படி சாத்தியம்னு புரியணும்னா கிட்டத்தட்ட 90 வருஷம் பின்னோக்கிப் போகணும். அதுக்கு முன்னாடி ஆட்டத்தைப் பத்தி ரெண்டு வரி.

நான் சொல்றது மெஸ்ஸி ஆடும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் போட்டு மோதிக்கொள்ளும் அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே கல்லூரி அணிகள் ஆடும் ஆட்டத்துக்குக்கூட ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் உண்டு. அணியை இயக்குபவர் குவார்ட்டர்பேக். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். டிராவிஸ் அந்த இடத்தில் ஆடியவர்.

உச்சப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஒரு சீசனில் ஒரு அணி ஆடுவது சுமார் 12 ஆட்டங்கள். அதற்கு மேல் உடம்பு தாங்காது. அப்படின்னா எல்லோரும் எல்லோரோடும் மோத வழியே இல்லை. ஐபிஎல் மாதிரி புள்ளிப் பட்டியல் போட முடியாது. தோற்காத அணிகள் மூன்று இருந்தால், அவை மூன்றும் ஒன்றோடொன்று ஆடியிருக்கவே மாட்டா.

அப்போ யார் சாம்பியன்?

பல பேருக்குத் தெரியாத விஷயம் இது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, கூடைப்பந்து முதல் நீச்சல் வரை எல்லாவற்றுக்கும் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. ஃபுட்பாலிலேயே ஒரு படி கீழே இருக்கும் பிரிவுக்கு 1978 முதல் ஒழுங்கான நாக் அவுட் போட்டி இருக்கிறது. ஆனால் பணமும் கூட்டமும் கொட்டும் உச்சப் பிரிவுக்கு மட்டும் அது இன்றுவரை தன் சொந்த சாம்பியன்ஷிப்பை நடத்தியதில்லை.

அந்த வெற்றிடத்தில் நுழைந்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். 1936 இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்கெடுத்து வாராவாரம் தரவரிசை வெளியிட ஆரம்பித்தது. நீதி வழங்குவது நோக்கம் இல்லை. ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவில் ரசிகர்கள் வாக்குவாதம் செய்யணும், பேப்பர் படிக்கணும், அவ்வளவுதான். அதை ஆரம்பித்த ஆலன் கூல்ட் என்ற ஆசிரியர் பின்னாளில் இதை மறைக்கவும் இல்லை. 1950 முதல் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு ஒன்றும் வந்தது. வருஷக் கடைசியில் பட்டியலில் முதலிடம் யாரோ அவர்தான் தேசிய சாம்பியன். இரண்டு பட்டியலும் வேறு வேறு அணியைச் சொன்னால் இரண்டு சாம்பியன்!

இதைவிட வேடிக்கை ஒன்று. சீசன் முடிந்ததும் புத்தாண்டை ஒட்டி "பவுல்" என்ற பெயரில் பெரிய ஆட்டங்கள் நடக்கும். பழையது கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல், 1902 இல் தொடங்கியது. ஆனால் இறுதி வாக்கெடுப்பை இந்தப் பெரிய ஆட்டங்களுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். 1964 இல் அலபாமா சாம்பியன் என்று அறிவித்தாயிற்று. பிறகு ஆரஞ்சு பவுலில் டெக்சாஸிடம் தோற்றது. பட்டம் பட்டம்தான். 1973 இல் பயிற்சியாளர்கள் மறுபடியும் அலபாமாவைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 31 அன்று நாட்டர் டேம் அணியிடம் 24-23 என்று தோற்றது. அடுத்த வருஷம்தான் பயிற்சியாளர்களுக்கு, ஆட்டம் முடிஞ்சப்புறம் ஓட்டுப் போடலாமேன்னு தோணியது. பரிசோதனை ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுற கதை.

1966 ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கணும். நவம்பர் 19. நாட்டர் டேம், மிச்சிகன் ஸ்டேட், இரண்டும் தோற்காத அணிகள், முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள். ஆட்டம் 10-10. கடைசி நிமிடத்தில் பந்து நாட்டர் டேமிடம். ஜெயிக்க முயன்று பந்தைப் பறிகொடுத்தால் தோல்வி. பயிற்சியாளர் ஆரா பார்சேகியன் ரிஸ்க் எடுக்கவில்லை, நேரத்தைக் கடத்தி டிராவில் முடித்தார். வாக்குகள் அவர் கையை விட்டுப் போகாது என்று கணக்குப் போட்டார் என்று இன்றும் திட்டுகிறார்கள். கணக்கு சரியாகவே இருந்தது. நாட்டர் டேம் சாம்பியன்.

மறுபடி மோத வைத்துத் தீர்த்திருக்கலாமே? நாட்டர் டேம் அந்தக் காலத்தில் பவுல் ஆட்டங்களுக்கே போகாது, அது அவர்கள் கொள்கை. மிச்சிகன் ஸ்டேட் முந்தைய வருஷம் ரோஸ் பவுலுக்குப் போய்விட்டதால், தொடர்ந்து இரண்டாவது முறை போகக் கூடாது என்று அவர்கள் பிரிவின் விதி. இதற்கு நடுவில் அலபாமா 11 ஆட்டம் ஆடி பதினொன்றையும் ஜெயித்தது. கிடைத்தது மூன்றாம் இடம்!

அலபாமா ரசிகர்கள் இன்றும் இதை அநியாயம் என்பார்கள். ஆனால் அன்றைய அலபாமா அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். தெற்கு மாகாணப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளாத கறுப்பின இளைஞர்கள் வடக்கே போய் ஆடினார்கள். டெக்சாஸில் பிறந்த பப்பா ஸ்மித் அப்படித்தான் மிச்சிகன் ஸ்டேட்டின் நட்சத்திரம் ஆனார். வாக்களித்த செய்தியாளர்கள் மனதில் இது எவ்வளவு இருந்தது என்று அளக்க முடியாது. ஆட்டக் களத்துக்கு வெளியே முடிவு எடுத்தால், களத்துக்கு வெளியே இருக்கும் எல்லாமே உள்ளே வந்துவிடும். அது நல்ல காரணமாக இருந்தாலும் சரி, கெட்ட காரணமாக இருந்தாலும் சரி.

1990 கதை சொல்லாமல் போக மனசு வரல. இந்த ஆட்டத்தில் 10 கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள்தான். கொலராடோ அணிக்கு மிசௌரியில் நடந்த ஆட்டத்தில் நடுவர்கள் எண்ணிக்கையை மாற்ற மறந்து ஐந்தாவது முயற்சி கொடுத்துவிட்டார்கள். அந்த ஐந்தாவதில்தான், நேரம் முடியும் தருவாயில், புள்ளி எடுத்து 33-31 என்று ஜெயித்தார்கள். முடிவு மாறவில்லை. செய்தியாளர்கள் அந்த வருஷம் கொலராடோவைச் சாம்பியன் ஆக்கினார்கள். பயிற்சியாளர்கள் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜார்ஜியா டெக்கை.

"மனுஷன் வேண்டாம், கணினி சொல்லட்டும்" என்று 1998 இல் பிசிஎஸ் என்ற முறை வந்தது. வாக்கெடுப்புகளையும் சில கணினித் தரவரிசைகளையும் கலந்து முதல் இரண்டு இடத்தைக் கண்டுபிடி, அவர்களை மோதவிடு. கேட்க நல்லாத்தான் இருக்கு இல்லையா?

2001 இல் நெப்ராஸ்கா தன் கடைசி ஆட்டத்தில் 62-36 என்று உதை வாங்கியது. தன் பிரிவின் இறுதி ஆட்டத்துக்கே தகுதி பெறவில்லை. கணினிகள் அதைத் தேசிய இறுதிக்கு அனுப்பின. மயாமியிடம் 37-14 என்று தோற்றது. 2003 இல் செய்தியாளர்கள், பயிற்சியாளர்கள் இருவரும் முதலிடம் கொடுத்த தெற்கு கலிஃபோர்னியா அணி, இரண்டு பேர் ஆடும் இறுதியில் இல்லவே இல்லை! 2004 இல் ஆபர்ன் அணி எல்லா ஆட்டமும் ஜெயித்தும் வெளியே நின்றது. அசோசியேட்டட் பிரஸ், இனிமே எங்கள் பட்டியலைப் பயன்படுத்தாதீங்கன்னு விலகியே போனது.

கணினிகள் ஆறு. அதில் ஒன்றே ஒன்றின் கணக்குமுறைதான் முழுசாக வெளியே தெரியும், கோலி என்பவருடையது. 2010 இல் அதிலும் ஒரு சின்ன கல்லூரி ஆட்டத்தின் முடிவைச் சேர்க்க மறந்ததால் 10, 11 ஆம் இடங்கள் மாறிப்போயிருந்தன. கணக்கு வெளிப்படையாக இருந்ததால் வெளியில் இருந்த ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். மற்ற ஐந்தில் தப்பு இருந்ததா? யாராலும் பார்க்க முடியாது. இப்போ மருத்துவத்திலும் செயற்கை நுண்ணறிவு ஸ்கோர் கொடுக்குது. அது வர்றப்பல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்.

சின்னப் பிரிவு அணிகளின் நிலை இன்னும் மோசம். யூட்டா 2008 இல் 13-0, அலபாமாவையே 31-17 என்று வீழ்த்தியது. நாட்டிலேயே தோற்காத ஒரே அணி. சாம்பியன், ஒரு தோல்வி கண்ட ஃப்ளோரிடா. அந்த நவம்பரில் தேர்தலில் ஜெயித்திருந்த ஒபாமாவே தொலைக்காட்சிப் பேட்டியில் எட்டு அணி ப்ளேஆஃப் வேண்டும் என்றார். 2009 இல் விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது.

ஒருவழியாக 2014 முதல் நான்கு அணி ப்ளேஆஃப். கணினி போச்சு, தேர்வுக்குழு வந்தது. முதல் குழுவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கொண்டலீசா ரைஸும் இருந்தார். யாரைச் சேர்ப்பது என்பதற்கு அவர்களிடம் எழுதிவைத்த வழிமுறை உண்டு. பிரிவுச் சாம்பியனா, யாரோடு ஆடினார்கள், நேருக்கு நேர் என்ன ஆனது. இத்தோடு இன்னொரு வரி: முக்கிய வீரர்கள் ஆட முடியாத நிலை இனி வரும் ஆட்டத்தைப் பாதிக்குமா என்றும் பார்க்கலாம்.

இந்த வரியைக் கவனிங்க. மற்ற எல்லாம் நடந்து முடிந்ததைப் பற்றியது. இது மட்டும் நடக்கப்போவதைப் பற்றியது. எங்க பாஷையில் சொன்னா மற்றவை நோயாளியின் ஹிஸ்டரி, இது ப்ரோக்னோசிஸ். ப்ரோக்னோசிஸ் சொல்வது எவ்வளவு கஷ்டம்னு எந்த ஐசியூ மருத்துவரையும் கேட்டுப் பாருங்க.

முதல் வருஷமே அதற்குப் பரீட்சை வந்தது. 2014 இல் ஒஹாயோ ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் சீசன் தொடங்கும் முன்பே காயத்தால் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் கடைசி லீக் ஆட்டத்தில் கணுக்காலை முறித்துக்கொண்டார். மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடியது பிரிவு இறுதி ஆட்டத்தில். 59-0 என்று ஜெயித்தார்கள். குழு நான்காவது இடம் கொடுத்தது. அந்த மூன்றாவது ஆள் அலபாமாவை வீழ்த்தி, ஆரிகனை 42-20 என்று வீழ்த்தி, கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

இப்போ மறுபடி 2023 க்கு வருவோம்.

டிராவிஸ் போனதும் இரண்டாவது குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கர் வந்தார். ஃப்ளோரிடாவை அதன் சொந்த மண்ணில் 24-15 என்று ஜெயித்தார். ஆனால் அந்த ஆட்டத்தில் தலையில் அடி, கன்கஷன். அடுத்தது பிரிவு இறுதி. மருத்துவக் குழு அவரை ஆட அனுமதிக்கவில்லை.

இங்கே ஒரு நிமிஷம். கன்கஷன் என்பது ஸ்கேனில் தெரியும் ரத்தக்கசிவு இல்லை. மூளை உள்ளுக்குள் குலுங்கி, அதன் வேலை தற்காலிகமாகக் குழம்புவது. அது ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம். அதனால் அவரை உட்கார வைத்தது நூற்றுக்கு நூறு சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆக மூன்றாவது ஆள், முதலாண்டு மாணவர் பிராக் க்ளென் ஆடினார். பந்தை எறிவதில் தடுமாறினார். தடுப்பாட்டம் காப்பாற்றியது. லூயிவில்லை 16-6 என்று ஜெயித்து பிரிவுச் சாம்பியன் ஆனார்கள். ஒன்பது வருஷம் முன்னால் ஒஹாயோ எங்கே நின்றதோ அதே இடம், அதே மூன்றாவது குவார்ட்டர்பேக். சொல்லப்போனால் ஒஹாயோ ஒரு ஆட்டம் தோற்றிருந்தது, இவர்கள் தோற்கவே இல்லை. வித்தியாசம், ஜெயித்தது பார்க்க அழகாக இல்லை.

டிசம்பர் 3. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. பெரிய பிரிவு ஒன்றின் தோற்காத சாம்பியன் வெளியே நிற்பது நான்கு அணி முறையில் அதுதான் முதல் முறை. டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்றார் குழுத் தலைவர்.

அன்றைக்கே டிராவிஸ் ஒரு பதிவு போட்டார். என் கால் சீசன் ஆரம்பத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக் மட்டும் இல்லைன்னு எல்லோரும் பார்த்திருப்பார்களே என்ற பொருளில். இருபத்து மூணு வயசுப் பையன் தன் காயத்துக்காக அணியிடம் மன்னிப்புக் கேட்கிற தொனி அது. எத்தனையோ நோயாளிகள் தங்களுக்கு நோய் வந்ததற்காகக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அதே குரல்.

குழுவின் பக்கமும் நியாயம் உண்டு. மேலே சொன்ன அந்த வரி விதியில் இருந்தது, அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அலபாமா ஆடியது கடினமான எதிரணிகளோடு, பிரிவு இறுதியில் நம்பர் ஒன் ஜார்ஜியாவை வீழ்த்தியிருந்தது. அரையிறுதியில் மிச்சிகனிடம் கூடுதல் நேரத்தில்தான் தோற்றது. "சிறந்த நான்கு அணி" யார் என்று கேட்டால் நானும் அலபாமாவைச் சொல்லியிருப்பேன். ஆனா "சிறந்த" அணி யார், "உரிமை உள்ள" அணி யார் என்பது இரண்டு கேள்வி. ஜெயிச்சவனுக்குச் சேர வேண்டியதை, நாளைக்குத் தோற்பான்னு நினைச்சு எடுத்துக்கொள்ளலாமா?

அடுத்து நடந்தது இன்னும் வேதனை. ஆறுதல் பரிசாக ஆரஞ்சு பவுல், எதிரே ஜார்ஜியா. மனசு விட்டுப்போன ஃப்ளோரிடா ஸ்டேட் வீரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் ஆடவில்லை. சிலருக்குக் காயம், சிலர் தொழில்முறை ஆட்டத்துக்காக உடம்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மாறினார்கள். 63-3.

உடனே "பார்த்தீங்களா, குழு சொன்னது சரிதானே" என்று ஒரு கூட்டம். இதுக்குத்தான் எங்க துறையில் ஒரு பெயர் உண்டு, தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் கணிப்பு. மூளை பாதித்து ஐசியூவில் இருப்பவரை "இவர் தேறமாட்டார்" என்று முடிவு செய்து சிகிச்சையை நிறுத்தினால் அவர் இறந்துதான் போவார். இறந்தது, கணிப்பு சரி என்பதற்கான சான்று ஆகாது. அதனால்தான் அந்த முடிவை அவசரப்பட்டு எடுக்காதே, நாட்கள் கழித்துப் பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

என்னை உண்மையில் உறுத்துவது இதுகூட இல்லை. ரோட்மேக்கரை உட்கார வைத்தார்களே அந்த மருத்துவர்கள், அடுத்த முறை அப்படி ஒரு நிலையில் அவர்கள் தலையில் என்ன ஓடும்? அவரை ஆடவிட்டு, அவர் நன்றாக எறிந்து 40-6 என்று ஜெயித்திருந்தால் உள்ளே போயிருக்கலாமோ? ஒரு காயம் அணியின் தகுதியைக் குறைக்கும் என்றால், காயத்தை மறைப்பது லாபம். சொல்லாத வீரனுக்கு லாபம், கேட்காத பயிற்சியாளருக்கு லாபம்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2017 இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில், கல்லூரி அளவு வரை ஆடியவர்களின் தானம் செய்யப்பட்ட மூளைகள் 53 இல் 48 இல், தொடர் தலையடியால் வரும் சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்தது. அறிகுறி இருந்தவர்கள் குடும்பங்கள்தான் அதிகம் தானம் செய்திருப்பார்கள், அதனால் ஆடுகிற எல்லோருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் 48.

கோபம் அரசியலுக்கும் போனது. ஃப்ளோரிடா ஆளுநர் வழக்குச் செலவுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கலாம் என்றார். வழக்கெல்லாம் எதையும் மாற்றவில்லை. ஏற்கெனவே முடிவாகியிருந்தபடி 2024 முதல் 12 அணிகள் ஆகின. அப்போது தரவரிசையில் மேலே இருந்த ஐந்து பிரிவுச் சாம்பியன்களுக்கு இடம் நிச்சயமாக இருந்தது.

முதல் வருஷமே அதே காட்சி. ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் கார்சன் பெக், பிரிவு இறுதி ஆட்டத்தில் முழங்கையில் அடிபட்டு வெளியேறினார். மாற்று வீரர் வந்து ஜெயித்தார். இந்த முறை யாரும் "வேறு அணி" என்று சொல்லி அவர்களை வெளியே நிறுத்த முடியவில்லை, ஏன்னா சாம்பியனுக்கு இடம் உண்டு என்று விதியிலேயே இருந்தது. இரண்டாம் இடம், முதல் சுற்றுக்கு ஓய்வு. அடுத்து நாட்டர் டேமிடம் 23-10 என்று தோற்றார்கள். களத்தில் தோற்றார்கள், அதில் யாருக்கும் புகார் இல்லை.

அந்த வருஷம் கோப்பை ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. தன் பிரிவையே ஜெயிக்காத, எட்டாவது இடத்தில் நுழைந்த அணி. இது நியாயமான்னு இப்போ புதுசா ஒரு சண்டை. அவர்கள் அந்த சீசனில் ஆடியது 16 ஆட்டங்கள். 1966 அலபாமா ஆடியது 11. நியாயத்துக்காகச் சேர்த்த ஒவ்வொரு சுற்றும் இந்தப் பையன்கள் தலையில் இன்னும் சில நூறு மோதல்கள். இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்லை.

டிராவிஸை 2024 இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி ஐந்தாவது சுற்றில் எடுத்தது. கால் முழுசாகக் குணமாகவில்லை. தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல், மருத்துவர்களின் ஆலோசனைப்படி 2025 இல் ஓய்வை அறிவித்தார். வயது 24.

ஃப்ளோரிடா ஸ்டேட்டின் 2023 கணக்கு 13 வெற்றி, 1 தோல்வி. அந்த ஒரு தோல்வி ஆரஞ்சு பவுலில்.